உடைந்த பிஸ்கட்டும் ஓர் ஆய்வுக் கட்டுரையும்

தம்பி: உலகத்துல அடம்பிடிக்கிற குழந்தைன்னு ஒண்ணு பொறந்ததே இல்லைக்கா. அம்மாக்கள்தான் தயாரிக்கிறீங்க. என் கட்டுரையோட முதல் வரியே இதுதான்.

அக்கா: சரிங்க ஆராய்ச்சியாளரே... கொஞ்சம் காலை நகர்த்துங்க. மேசைக்கு அடியில போகணும்.

தம்பி: எதுக்கு?

அக்கா: உன் மருமகன் அங்க உட்கார்ந்துதானே கத்துறான்!

வாண்டு: ஒட்டித் தாஆஆ!

தம்பி: எதை ஒட்டணுமாம்?

அக்கா: பிஸ்கட்டை. உடைஞ்சிருச்சு.

தம்பி: வேற ஒண்ணு குடுத்துத் தொலையேன்.

அக்கா: வேற வேணாமாம். இதே பிஸ்கட் முழுசா வேணுமாம்.

தம்பி: பாத்தியா! நீ இடம் குடுத்துக் குடுத்து...

அக்கா: அப்போ இவன்கூடவே இரட்டையாப் பொறந்தாளே, அவ? அவளுதும்தான் உடைஞ்சுது. ‘ரெண்டு கிடைச்சிருச்சு’ன்னு சிரிச்சுக்கிட்டே தின்னுட்டா. அவளைப் பக்கத்து வீட்லயா வளர்க்கிறேன்?

தம்பி: அது... விதிவிலக்கு. அடிக்குறிப்புல போட்டுக்கலாம். ஆமா, அடியில என்ன பண்றே?

அக்கா: உள்ளங்கையில ஊதறேன்.

தம்பி: அடிபட்டுருச்சா?

அக்கா: இல்லடா. கையை இறுக்கி மூடியிருக்கான். ஊத ஊத விரல் ஒண்ணொண்ணா விடும். அப்புறம் மூச்சு சீராகும். அப்புறம்தான் நான் பேசறது அவன் காதுல ஏறும்.

தம்பி: அடேங்கப்பா! நாங்க பக்கம் பக்கமாப் படிக்கிறோம்... நீ பால் ஆத்துற மாதிரி பிள்ளையை ஆத்துறே!

அக்கா: உஷ்... அடங்கிட்டான். டேய், உன் கருத்தரங்கு காலையிலதானே?

தம்பி: அது... சாயங்காலத்துக்கு மாத்திட்டாங்க.

அக்கா: அப்போ ஏன் வீட்டுக்குள்ள ஷூவைக்கூடக் கழட்டாம உட்கார்ந்திருக்கே? இங்கிருந்து நல்லாத் தெரியுதே.

தம்பி: குளிர்.

அக்கா: சட்டை தொப்பலா வேர்த்திருக்கு, குளிராம்! ...மேசை அதிருது பாரு. உன் போன். பேராசிரியரா?

தம்பி: எடுக்காதே! எடுக்காதேன்னா எடுக்காதே! தூக்கிப் போட்டு உடைச்சிருவேன்!

வாண்டு: அம்மா... மாமா பிஸ்கட்டும் உடைஞ்சிருச்சா?

அக்கா: இரு கண்ணு. ...மேடை வரைக்கும் போனியாடா?

தம்பி: போனேன். முதல் வரியைச் சொன்னேன். எல்லாரும் நிமிர்ந்து பாத்தாங்க. அப்புறம்... ஒண்ணுமே வரலைக்கா. ஓடி வந்துட்டேன். மத்தியானத்துக்குள்ள திரும்பிப் போனா இன்னொரு வாய்ப்பு தருவாங்களாம். இல்லேன்னா இந்த வருஷமே போச்சு.

அக்கா: போகலாம். முதல்ல கையைத் திற.

தம்பி: ...திறக்க வரலை.

வாண்டு: மாமா, ஷூவைக் கழட்டிட்டு உள்ள வா.

தம்பி: ...நீ கொஞ்சம் நகருடா. அக்கா, இந்தா... இந்தக் கை. மெதுவா ஊது.