சிவப்புத் தோல் இருக்கை

உட்காருவதற்கு முன் அந்த நாற்காலியைத் துடைத்தீர்களே இன்ஸ்பெக்டர் சார், எனக்குப் பிடித்திருந்தது. இந்தக் கட்டடத்தில் வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்க்கவில்லை. பிஸ்கட் தின்ற கையை யாரோ இந்த மேசைக்கு அடியில் தேய்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தெரியாமல் தொட்டுவிட்டேன், இன்னும் விரல் கூசுகிறது. நீங்கள் சுத்தம் தெரிந்தவர். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

அண்ணனிடம் இருந்தவை இரண்டு ஜெர்மன் ரோட்ஸ்டர்கள். இரண்டே பேர் உட்காருகிற, கூரையை மடக்கிவிட்டு ஓட்டுகிற வண்டிகள். ஒன்று, அண்ணன் பிறந்ததற்கு அடுத்த வருடம் தொழிற்சாலையை விட்டு வந்தது. மற்றது புதிது. பட்டனைத் தட்டினால் கூரை தானே மடிந்து பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். புதியதைக் காசு வைத்திருக்கிற எந்தத் தடியனும் வாங்கிவிடலாம். பழையது அப்படிக் கிடைக்காது. அதன் பெயின்ட், கூரைத் துணி, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தச் சிவப்புத் தோல் இருக்கைகள், எதையும் யாரும் மாற்றியதில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். என்ஜினை மாற்றியவனைக்கூட மன்னித்துவிடுவார்கள், முதல் தோலை மாற்றியவனோடு பேச மாட்டார்கள்.

வாங்கியது அண்ணன், பார்த்துக்கொண்டது நான். அவர் ஓட்டிப் போவார், தெருவே நின்று பார்க்கும். திரும்பி வந்ததும் நான் சக்கரத்தில் ஒட்டிய சேற்றைச் சுரண்டுவேன். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. சத்தியமாக இல்லை.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. வாயின் வலது ஓரம் மூடாது. அந்த வழியாக எச்சில் நூல் மாதிரி இறங்கும், தாடையில் கொஞ்சம் நிற்கும், பிறகு விழும். துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அடுத்தது தயாராக இருக்கும். நோயை நான் குறை சொல்லவில்லை. எனக்கு அந்த ஈரம் ஆகாது, அவ்வளவுதான்.

சாயங்காலமானால் அவருக்குப் பழைய வண்டியில் உட்கார வேண்டும். சக்கர நாற்காலியில் ஷெட்டுக்குத் தள்ளிப் போய், தூக்கி, ஸ்டியரிங்குக்கு முன்னால் வைக்க வேண்டும். இடது கையால் ஹாரன் அடிப்பார். அவருக்கு மிஞ்சிய பேச்சு அது ஒன்றுதான். ஒரு தடவை அடித்தால் தண்ணீர், விடாமல் அடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். அண்ணி ஈரக் கையோடு ஓடி வருவார்.

ஒரு நாள் ஹாரன் விடாமல் அடித்தது. அண்ணி குளித்துக்கொண்டிருந்தார். நான் போனேன். மெதுவாகத்தான் போனேன், ஒப்புக்கொள்கிறேன். போய்ச் சேர்ந்தபோது காரியம் கெட்டுவிட்டது. அந்த இருக்கையின் தையல் வழியாக அது உள்ளே இறங்கிக்கொண்டிருந்ததை நான் நின்று பார்த்தேன். அதற்குள் அண்ணி தரை துடைக்கிற மருந்தை வாளியில் கலந்து கொண்டுவந்து, பரபரவென்று தேய்க்க ஆரம்பித்தார். சாயம் துணியில் இறங்கியது.

"அண்ணி, அது முதல் தோல்."

"தோல்தானே தம்பி? போனா மாத்திக்கலாம். மனுஷனை மாத்த முடியுமா?"

அண்ணன் என்னைப் பார்த்து, இருக்கிற பாதி வாயால் சிரித்தார். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்றார் அண்ணி. இருக்கலாம். எனக்கு அந்த வாய்தான் தெரிந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மகளுக்குப் பிரசவம் என்று அண்ணி கிளம்பினார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரைத் தனியா விட்டுடாத தம்பி. நர்ஸம்மா பகல்ல வருவாங்க, ராத்திரிக்கு நீதான்" என்றார். "நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க அண்ணி" என்றேன். நர்ஸிடம், அண்ணனும் கூடவே போகிறார், ஒரு வாரம் வர வேண்டாம் என்றேன். அவர்தான் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று உங்களிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். பாவம், அந்த அம்மாவை விட்டுவிடுங்கள்.

மற்றபடி ஊருக்கு நான் சொன்ன கதை உங்களுக்குத் தெரியும். நர்ஸ் வருவார் என்று நம்பி, இன்னொரு பழைய ரோட்ஸ்டர் விலைக்கு வந்திருப்பதைப் பார்க்க நான் வெளியூர் போனேன். கிளம்புகிற அவசரத்தில், தவழ்ந்து வந்து வண்டிக்குள் ஏறியிருந்தவரைக் கவனிக்காமல் உறையைப் போர்த்திவிட்டேன். ஒரு வாரம் கழித்து நானே திறந்தேன், நானே கூச்சல் போட்டேன். ஊரே நம்பியது. அண்ணி என் தலையைத் தடவி, "நீ என்ன செய்வே தம்பி" என்று அழுதார். ஷெட் வாசலில் நான் வாந்தி எடுத்தது மட்டும் நடிப்பில்லை.

நேற்று நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. தினமும் பழையதில் உட்காருகிறவர், ஒரு நாளும் ஏறாத புது வண்டியில் அன்றைக்கு ஏன் ஏறினார்? அந்த இடத்தில்தான் நான் கோட்டை விட்டேன். தெரிந்தேதான் விட்டேன். பழையதில் வைத்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. ஆனால் அத்தனை நாள், அந்தச் சிவப்புத் தோலில், அவர்! புது வண்டியின் இருக்கைக்கு ஒரு ஃபோன் செய்தால் போதும், அடுத்ததை அனுப்பிவிடுவார்கள்.

அண்ணன் பழைய வண்டியைத்தான் கை காட்டினார். "அது இன்னிக்கு ஓய்வெடுக்கட்டும்ணா, இதுல உக்காருங்க" என்றேன். முகத்தைச் சுளித்தார். பிறகு, போகட்டும் என்பதுபோல் உடம்பைத் தளர்த்திக் கொடுத்தார். கூரை மூடியிருந்தது. ஓட்டுநர் கதவின் கைப்பிடி அவருடைய வலப்பக்கம், அந்தப் பக்கத்துக் கைதான் வராதே; உடம்பைத் திருப்பி இடது கையால் எட்டவும் முடியாது. ஊரில் இல்லாத நாட்களில் பேட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டு உறை போடுவது எங்கள் வழக்கம். கழற்றினேன், போட்டேன். அதற்குப் பிறகு ஹாரன் அடிக்காது. ஸ்டியரிங் இருக்கிற இடத்தில் தொப் தொப்பென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. நான் கொடுமைக்காரன் இல்லை சார், அதை நின்று கேட்டு ரசிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இதுவரை சொன்னதை நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். ஒன்று மட்டும் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. வாசல்வரை போனவன் திரும்பி வந்தேன். உறையைத் தூக்கி, கதவைத் திறந்தேன். என்னைப் பார்த்ததும் அண்ணனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார், அது நனைந்துவிட்டது. பழைய வண்டியின் சாவியை ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். இவ்வளவுக்கும் பிறகு அது அவர் மேலேயே கிடந்து கெட்டுப்போகக் கூடாது.

கயிற்றில் கை வைத்ததும் அவர் வேறு மாதிரி நினைத்துக்கொண்டார். பழைய வண்டியைத் திறந்து அதில் உட்காரவைக்கப் போகிறேன் என்று. கழற்ற வசதியாகத் தலையைக் குனிந்து கொடுத்தார்.

கழற்றினேன். சட்டையிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். கதவைச் சாத்தி உறையைப் போட்டேன். சாவியெல்லாம் ஒரே எச்சில். ரயிலுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்ததால், சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன்.