நாற்பத்தெட்டு கிலோ இன்னாசியம்மாள்

விருந்துச் சாப்பாடு ஆறிப்போனால் எனக்குத் தொண்டையில் இறங்காது, பங்குச் சாமி. நடந்ததை ஒளிக்காமல் எழுதித் தரச் சொன்னீர்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

செபஸ்தியார் திருவிழா அன்று, வத்தலக்குண்டு ரோட்டில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப்பில் ஆண்டனிராஜ் சாரின் கார் ஜாக்கியில் நின்றது. சார் கணக்கு வாத்தியார். முன்சக்கரங்களைத் தாங்கும் லோயர் ஆர்ம் இரண்டையும் மாற்றச் சொல்லியிருந்தார். அதன் ரப்பர் புஷ்ஷில் போகும் போல்ட்டை, சக்கரம் தரையில் ஊன்றிய பிறகுதான் கடைசியாக முடுக்க வேண்டும். அந்தரத்தில் முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு வண்டியை ஒரு பக்கமாக இழுக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் இடப்பக்கத்தை அந்தரத்திலேயே முடுக்கிவிட்டேன். கோயிலில் முதல் பந்தி உட்கார்ந்துவிட்டதாகத் தகவல் வந்திருந்தது. சாப்பிட்டு வந்து, வண்டியை இறக்கி, வலப்பக்கத்தை முறையாக முடுக்கினேன். இடப்பக்கத்தை மறந்தே போனேன். கறிக்குழம்பு அப்படி.

மூன்றாம் நாள் சார் வந்தார். "ரொனால்டு, வண்டி இடது பக்கமா இழுக்குதுய்யா" என்றார். கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. ஐந்து நிமிட வேலைதான். ஆனால், 'முப்பது வருடமாகத் திரும்பி வராத வேலை' என்று வாசலில் பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதன் அடியில் நின்றுகொண்டுதான் சார் பேசினார்.

ஆகவே தேடினேன். காற்றுப் பார்த்தேன், இரண்டு பக்கமும் சரி. முன்டயர்களை இடம் மாற்றிப் போட்டேன், அப்போதும் இடப்பக்கமே இழுத்தது. அலைன்மென்ட் மெஷினில் ஏற்றினேன், அளவில் குறையில்லை. தேட வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்திலும் நேர்மையாகத் தேடினேன்.

அப்போதுதான் முன்சீட்டில் இடப்பக்கம் இருந்த இன்னாசியம்மாளைக் கவனித்தேன். சாரின் மாமியார். முழங்கால் வலியால் எப்போதும் அங்கேதான் உட்காருவார். மகள் வீட்டில் அவருக்கு இருந்த ஒரே அதிகாரம் அந்த சீட்டு.

"அம்மா செத்த நேரம் இறங்கட்டும் சார், பாப்போம்" என்றேன்.

சாரைப் பின்னால் உட்கார வைத்து நானே ஓட்டினேன். வண்டி கோடு கிழித்தது போல நேராகப் போனது. ஸ்டீயரிங்கை வலப்பக்கமாக லேசாகப் பிடித்திருந்தேன், வெளியே தெரியாத அளவுக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுதான் கஷ்டம். ஒரு போல்ட்டை மறைப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

அதன் பிறகு நடந்ததில் பெரும்பகுதி அவர்கள் குடும்பம் தானாகச் செய்தது. அம்மாவைப் பின்சீட்டுக்கு மாற்றினார்கள். அப்போதும் இழுத்தது. இராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தச் சொன்னார்கள். நான் ஒரு இட்லி வைத்துக்கொள்ளலாம் என்று பரிந்துதான் பேசினேன். கடைசியில், "பஸ்ஸுல வாங்கம்மா, வண்டி தாங்கல" என்று பெற்ற மகள் மரியசெல்வியே சொல்லிவிட்டாள். அம்மா துணிமணியை எடுத்துக்கொண்டு சாணார்பட்டியில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் இல்லாதபோதும் இழுக்கிறதே என்று சார் கேட்டதற்கு, பழகின பாரம் இறங்கக் கொஞ்ச நாளாகும் என்றேன். பேத்தி முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் பூசைக்கு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இறங்கியதை நீங்களே பார்த்தீர்கள்.

மறுநாள் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். கையில் பஸ் ஸ்டாண்டு எடை மெஷினில் எடுத்த சீட்டு.

"ஏலே ரொனால்டு, நான் நாப்பத்தெட்டு கிலோ. மருமகன் தொண்ணூத்திரண்டு. அப்ப வண்டி அவரு பக்கமுல்ல இழுக்கணும்?"

கணக்கு வாத்தியாருக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியிருந்தது.

"அவரு எடை பரவுன எடைம்மா. ஒங்களது ஒரே இடத்துல குவிஞ்ச எடை" என்றேன்.

சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு நேராக உங்களிடம் வந்துவிட்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சொல்லி அழுதாராம்.

நீங்கள் கண்டித்த பிறகு, சாரை வண்டியோடு வரச்சொல்லி, இடப்பக்க போல்ட்டைத் தளர்த்தி, தரையில் நிறுத்தி முடுக்கினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சார் டீ குடிக்கப் போயிருந்தார். சாணார்பட்டிக்குப் போய் அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்துத் திண்டுக்கல் வரை ஓட்டிப் பார்த்தோம். வண்டி அசையாமல் நேராகப் போனது. எப்படிச் சரியானது என்று சார் கேட்டார்.

"அம்மா நல்லா எளைச்சுட்டாங்க சார்" என்றேன்.

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன், சாமி. ஆனால் ஒரு போல்ட்டுக்காக இம்புட்டு நாள் பட்டினி கிடந்தோமே என்று தெரிந்தால் அந்த வயதான மனுஷி மனம் உடைந்துபோவார். அப்படி ஒரு பாவத்தை என்னால் செய்ய முடியாது.