எட்டு மெத்தையும் நனைந்த காலை

அப்பா: அங்க போய் ஜிப்பு மூடலைன்னா யாரைக் கூப்பிடுவே?

வாலு: உங்களைத்தான்.

அப்பா: நான்தான் அங்க இருக்க மாட்டேனே. கோடை முகாம்ல அப்பாங்களுக்குக் கட்டில் கிடையாது.

வாலு: அப்ப பை மேல ஏறி உட்கார்ந்து நானே மூடிக்குவேன். இப்படி… ம்ம்… பாருங்க, மூடிடுச்சு!

அம்மா: மூடாதே, மூடாதே! இந்த ஸ்வெட்டரையும் உள்ள வை.

வாலு: அம்மா! இது மூணாவது ஸ்வெட்டர்!

அப்பா: விடும்மா. பத்து நாளுக்குத்தான் போறா. குடித்தனம் பண்ணப் போகல.

அம்மா: குளிர் அடிச்சா?

அப்பா: அடிச்சா ரெண்டையும் ஒண்ணா மாட்டிக்குவா. பையை அவளே கட்டட்டும். நாம கட்டிக் குடுத்தா, ஒரு சாக்ஸைத் தேடிக்கிட்டே பத்து நாளும் போயிடும் அவளுக்கு.

வாலு: கேட்டுக்கோ!

அம்மா: அப்பாவும் பொண்ணும் ஒரே கட்சி. எனக்கென்ன… ஆனா ஒண்ணுடி, அங்க யார்கிட்டயும் திட்டு வாங்காம நல்ல பேரோட திரும்பி வரணும்.

அப்பா: நல்ல பேரு வீட்டுலயே கிடைக்கும். வாலு, நீ புகாரோட வா. ஒரு புகார்கூட இல்லாம வந்தேன்னா, நீ அங்க ஒரு மூலையில சும்மா உட்கார்ந்துட்டு வந்தேன்னு அர்த்தம்.

அம்மா: அப்பா சொல்ற புத்தியாங்க இது?

அப்பா: ஃபோன் அடிக்குது பாரு, எடுத்துக் குடு… ம்… ம்… நாலாவது மாடியிலயா? உள்ள ஆள் இருக்காங்களா? சரி, வர்றேன்… லிஃப்ட் நின்னுபோச்சாம். லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கிட்டா இதெல்லாம் சகஜம். போய்ட்டு வந்துடுறேன்.

வாலு: காலையில பஸ் ஏத்திவிட நீங்கதான் வரணும்.

அப்பா: பின்ன? இதோ வந்துட்டேன்.

\*

வார்டன்: உங்க பொண்ணு வெளியிலயே இருக்கட்டும். நீங்க முதல்ல உட்காருங்கம்மா.

அம்மா: இன்னியோட முகாம் முடியுதுன்னு கூட்டிட்டுப் போக வந்தேன் மேடம்… ஏதாவது ஆயிடுச்சா? வீட்டுக்குப் போகணும்னு அழுதாளா?

வார்டன்: அழுதாளாவா? எங்களை அழ வெக்காம விட்டதே பெரிசு. உங்க பொண்ணு மேல புகார்.

அம்மா: புகாரா? எங்க பொண்ணு மேலயா?

வார்டன்: ஒண்ணு ரெண்டு இல்ல.

அம்மா: ஆள் மாறிடலையே? பள்ளிக்கூடத்துல 'இப்படி ஒருத்தி வகுப்புல இருக்காளா'ன்னு டீச்சருங்களே கேட்கிறாங்க. அவ்வளவு அமைதி.

வார்டன்: அமைதியா! ரெண்டு விரலை வாயில வெச்சு விசிலடிக்க முகாம் முழுக்கச் சொல்லிக் குடுத்திருக்கா. எங்க விளையாட்டு மாஸ்டர் விசிலடிச்சா இப்ப ஒரு பிள்ளை நிக்கிறதில்ல. எது அவர் விசில், எது இதுங்க விசில்னு தெரிஞ்சாத்தானே?

அம்மா: விசிலடிச்சாளா… அப்புறம்?

வார்டன்: பந்து விழுந்துடுச்சுன்னு ஸ்டோர் ரூம் கூரை மேல ஏறியிருக்கா.

அம்மா: பந்து கிடைச்சுதா?

வார்டன்: கிடைச்சுது… ஏம்மா, அதுவா முக்கியம்? எனக்கு 'அலாரம்'னு பேரு வெச்சிருக்கா. சமையல்காரர்கூட இப்ப அப்படித்தான் கூப்பிடுறார். எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு.

அம்மா: இன்னும்?

வார்டன்: நான் புகார் சொல்லிட்டிருக்கேன். நீங்க சிரிக்கிறீங்க.

அம்மா: இல்ல மேடம்… கண்ணுல தூசி. நீங்க சொல்லுங்க. ஒண்ணு விடாம சொல்லுங்க.

வார்டன்: என்னம்மா இது… சரி, கேளுங்க. இதெல்லாம் நாங்க பொறுத்துக்குவோம். ஆறாம் நாள் காலையில, விடிஞ்சும் விடியாம, இவ அறையில கூச்சல். ஓடிப் போய்ப் பார்க்கிறேன். உங்க பொண்ணு வாளியும் கையுமா கட்டில் மேல நிக்கிறா. 'தண்ணிச் சண்டை, எழுந்திருங்கடி!'ன்னு கத்துறா. எட்டு கட்டில், எட்டு மெத்தை, எல்லாம் தொப்பல். முதல்ல யார் கட்டில்ல ஊத்தினா தெரியுமா? தன்னோடதுல! தன் படுக்கையில தானே தண்ணி ஊத்திக்கிறவளை நான் இப்பத்தான் பார்க்கிறேன்.

அம்மா: தன்னோடதுலயா?

வார்டன்: அதுவும் வெறும் தண்ணியா? சோப்புத் தண்ணி! அறை முழுக்க நுரை.

அம்மா: சோப்புத் தண்ணியா…

வார்டன்: இப்ப ஏன் முகம் வாடிப் போச்சு? இவ்வளவு நேரம் சிரிச்சீங்களே.

அம்மா: ஒண்ணுமில்ல. நீங்க சொல்லுங்க.

வார்டன்: அன்னிக்குப் படகு சவாரி. உனக்குப் படகு கிடையாது, மெத்தையெல்லாம் மைதானத்துல போட்டுக் காய வைன்னுட்டேன். மத்த ஏழு பேரும் நாங்களும் போகலைன்னு அவளோட நின்னுட்டாங்க. காய வெச்சாங்கன்னா நினைக்கிறீங்க? சாயங்காலம் வரைக்கும் மெத்தைக்கு மெத்தை தவளை மாதிரி குதிச்சிட்டிருந்தாங்க. படகுல போனதுங்க திரும்பி வந்து, இதுங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டுதுங்க.

அம்மா: மெத்தைக்கு நஷ்டம் ஏதாவது…

வார்டன்: அது கிடக்கட்டும். நான் ஒண்ணு கேட்கிறேன், மனசு விட்டுச் சொல்லுங்க. அவ மெத்தைக்குக் கீழ ஒரு பிளாஸ்டிக் விரிப்பு இருந்துது. எதுக்கு அது?

அம்மா: அவளுக்குத் தூசி ஒத்துக்காது.

வார்டன்: தூசியா?

அம்மா: தும்முவா.

வார்டன்: பத்து நாள்ல ஒரு தும்மல் கேட்கலையே நான்… இதோ பாருங்க, ராத்திரியில ஏதாவது தொந்தரவுன்னா சொல்லிடுங்க. வெட்கப்பட ஒண்ணுமில்ல. உடம்புக்கு முடியாமத்தான் செஞ்சான்னு நான் மேல சொல்லிக்கிறேன். இல்ல, வெறும் குறும்புதான்னா, அடுத்த வருஷம் அவளுக்கு இங்க இடம் கிடையாது. அதுதான் இங்க விதி.

அம்மா: மேடம்… இவ போன வருஷமே வந்திருக்க வேண்டியவ. பையைக் கட்டி வாசல்ல வெச்சிருந்தோம். அன்னிக்கு வேலைக்குப் போன இடத்துலயே அவங்க அப்பாவுக்கு நெஞ்சு வலி. திரும்பி வரல. ஒரு வருஷமா இவ சத்தமா ஒரு வார்த்தை பேசினதில்ல. பஸ் ஏத்திவிடுற வரைக்கும் அனுப்பலாமா வேணாமான்னு தவிச்சேன்.

வார்டன்: தெரியும்மா, விண்ணப்பத்துல படிச்சேன். அதனாலதான் கேட்கிறேன். காரணம் இருந்தா சொல்லுங்க. ஒரு வார்த்தை போதும்.

அம்மா: காரணம் ஒண்ணுமில்ல மேடம். குறும்பு. சுத்தமான குறும்பு.

வார்டன்: இடம் போயிடும்.

அம்மா: சரி.

வார்டன்: சரியா? கெஞ்சுவீங்கன்னு நினைச்சேன்.

அம்மா: நானும் அப்படித்தான் நினைச்சேன்… வர்றேன் மேடம். ரொம்ப நன்றி. புகாருக்கெல்லாம் சேர்த்துத்தான்.

\*

அம்மா: தலையை உள்ள இழு. கேட்டைத் தாண்டியாச்சு. இன்னும் யாருக்கு டாட்டா?

வாலு: கடைசித் தடவை… ஏய்ய்ய்!

அம்மா: தொண்டை ஏற்கெனவே கிழிஞ்ச தகரம் மாதிரி இருக்கு. கண்ணாடியை ஏத்து.

வாலு: கத்திக் கத்தி மூணு நாளா இப்படித்தான். வார்டன் என்ன சொன்னாங்க?

அம்மா: வண்டியில ஏத்த முடியாத அளவுக்குப் புகார். எனக்கு வெச்சுக்க இடமில்ல.

வாலு: அப்பா இருந்தா?

அம்மா: உன்னைத் தோள்ல தூக்கி வெச்சுத் தெரு முழுக்கச் சுத்திக் காட்டியிருப்பார்.

வாலு: நீ தூக்க மாட்டியா?

அம்மா: எருமை மாதிரி வளர்ந்திருக்கே, உன்னைத் தூக்கினா என் இடுப்பு என்னத்துக்கு ஆகும்… வாலு.

வாலு: ம்?

அம்மா: சோப்புத் தண்ணின்னு அவங்க சொன்னதுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு.

வாலு: என்ன புரிஞ்சுது?

அம்மா: நாம வீட்டுல செய்யறதுதானே. முதல்ல சோப்புத் தண்ணி, அப்புறம் வெயில். அப்பா போனதுலேருந்து ராத்திரியில உனக்குப் படுக்கை நனையறது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மூணாவது ஆளுக்கு நான் சொன்னதில்ல. இன்னிக்கும் சொல்லல. எட்டு மெத்தையை நனைச்சு ஒண்ணை மறைச்சே பாரு… எனக்குக்கூட அந்த யோசனை வந்திருக்காது. கெட்டிக்காரி.

வாலு: அம்மா…

அம்மா: நான் திட்டல. நிஜமாத்தான் சொல்றேன்.

வாலு: எனக்கு நனையலம்மா.

அம்மா: என்கிட்ட எதுக்குடி மறைக்கிறே?

வாலு: மறைக்கல! நீ கட்டிவிட்ட கடிகாரம் தினமும் விடியறதுக்கு முன்னாடி கையில கிர்ருன்னு நடுங்கும். எழுந்து பாத்ரூம் போயிட்டு வந்து படுத்துக்குவேன். கடைசி ரெண்டு நாள் அது நடுங்கறதுக்கு முன்னாடி நானே முழிச்சுக்கிட்டேன்.

அம்மா: அப்ப… ஒரு நாள்கூட…?

வாலு: ஒரு நாள்கூட இல்ல. பத்து நாளும் காய்ஞ்ச படுக்கை!

அம்மா: இரு… இரு, வண்டியை ஓரம் கட்டுறேன்.

வாலு: அழறியா?

அம்மா: அழலடி. கண்ணுல…

வாலு: தூசின்னு சொல்லாதே. எனக்குத்தான் தூசி ஒத்துக்காது.

அம்மா: அடிப்பாவி! கதவுக்கு வெளியில நின்னு கேட்டியா?

வாலு: எல்லாத்தையும் கேட்டேன். 'தும்முவா'ன்னு நீ சொன்னப்ப சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கிட்டேன்.

அம்மா: உன்னை… சரி, விஷயத்துக்கு வா. உனக்கு நனையலைன்னா அந்த மெத்தையெல்லாம் எதுக்கு?

வாலு: அன்னிக்கு நான் பாத்ரூம் போயிட்டுத் திரும்பி வர்றேன். ஒரு கட்டில்ல போர்வைக்குள்ள யாரோ அழற மாதிரி இருந்துது. சத்தம் வெளியில வராம அழறது. எனக்கு அந்த அழுகை தெரியும்மா.

அம்மா: … ம்.

வாலு: போர்வையைத் தூக்கினேன். அவ என்னைப் பார்த்ததும் நனைஞ்ச இடத்தைக் கையால மறைச்சா. எல்லாரும் எழுந்திருக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். மெத்தையைத் தூக்கி ஒளிக்கவா முடியும்? வாடி, வாளியைப் பிடின்னு கூட்டிட்டுப் போனேன். வெறும் தண்ணின்னா வாசனை போகாது. அதான் சோப்பு.

அம்மா: நேரா அவ கட்டில்ல ஊத்தினா முடிஞ்சுதே. உன் கட்டில்ல எதுக்கு முதல்ல ஊத்தினே?

வாலு: முதல்ல நனைஞ்ச கட்டில் மேலதானே சந்தேகம் வரும்? உனக்கே வந்துதே. அவளோடது நாலாவது இல்ல அஞ்சாவது. எனக்கே சரியா ஞாபகம் இல்லாத மாதிரி ஊத்தினேன்.

அம்மா: உன்னை நினைப்பாங்களேன்னு உனக்குப் பயமா இல்லையா?

வாலு: நினைச்சா நினைக்கட்டும். நான்தான் காய்ஞ்சு இருந்தேனே.

அம்மா: பெல்ட்டை மாட்டு.

வாலு: என்னம்மா, வண்டியை எதுக்குத் திருப்பறே?

அம்மா: அந்த அலாரத்தைப் பார்த்து நாலு வார்த்தை சொல்லிட்டு வரலாம். அடுத்த வருஷம் உனக்கு இடம் இல்லையாம். இப்படிப்பட்ட பிள்ளைக்கு இடம் இல்லைன்னா, அங்க வேற யாருக்கு…

வாலு: வேணாம்மா! திருப்பாதே! நான் இல்லைன்னு சொன்னா, அப்ப யாருன்னு தேடுவாங்கல்ல? மீதி ஏழு பேர்தான் இருக்கோம்… இருக்காங்க.

அம்மா: அப்ப அடுத்த வருஷம்?

வாலு: என்னைச் சேர்க்கலைன்னா நாங்களும் வரமாட்டோம்னு ஏழு பேரும் எழுதிப் போட்டாச்சு. எட்டு கட்டிலையும் காலியா போட்டு வெப்பாங்களா என்ன?

அம்மா: கட்சியே ஆரம்பிச்சுட்டியா! சரி, அவ யாரு?

வாலு: யாரு?

அம்மா: நடிக்காதே. உன்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடாம அழுதாளே, ரெட்டை ஜடை, அவளா?

வாலு: எல்லாரும்தான் அழுதாங்க.

அம்மா: அந்தக் கண்ணாடி போட்டவளா? எனக்கு மட்டும் சொல்லு. நான் போய் யார்கிட்டடி சொல்லப் போறேன்?

வாலு: ஒரு வார்த்தை போதும், இடம் உண்டுன்னு வார்டன் அவ்வளவு கேட்டாங்களே. நீ என்னைப் பத்திச் சொன்னியா?

அம்மா: சொல்லல.

வாலு: நான்தான் நனைச்சேன்னு நினைச்சுக்கிட்டுத்தானே இருந்தே? அப்பவும் சொல்லல.

அம்மா: உனக்கு வாக்குக் குடுத்திருக்கேனே.

வாலு: நானும் அவளுக்குக் குடுத்திருக்கேன்.

அம்மா: … சரிம்மா. கேட்கல. என் ஆயுசுக்கும் கேட்கல. விசிலடி, கிளம்பலாம்.

வாலு: காது வலிக்குதுன்னு சொல்லக் கூடாது.

அம்மா: அடிடி!… அம்மாடி! லாரிக்காரன் மிரண்டு ஒதுங்குறான் பாரு.

வாலு: அம்மா.

அம்மா: ம்?

வாலு: ஏன் நுனியில உட்கார்ந்து ஓட்டுறே? முதுகுக்குப் பின்னாடி ரெண்டு தலையணை வேற. சீட்டு இன்னும் அப்பா காலுக்கு வெச்ச இடத்துலயே இருக்கு. முன்னாடி தள்ளிக்கோயேன்.

அம்மா: எட்டுதுடி… நல்லாவே எட்டுது.