என் பேரில் இருக்கிற விளையாட்டு

டீ நன்றாக இருக்கிறது மேடம். போலீஸ் ஸ்டேஷன் டீ கழுநீர் மாதிரி இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன், அப்படியில்லை. நீங்கள் கேட்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒளிப்பதற்கு நான் என்ன திருடனா.

திண்டிவனம் செஞ்சி ரோட்டில் எனக்கு எலெக்ட்ரிக்கல் கடை. எங்கள் வீட்டில் எல்லாமே ஜெகதீசன் என்கிற என் பேரில்தான் இருக்கும். கரண்ட், கேஸ், நெட், ஸ்கூலில் கொடுத்த போன் நம்பர், என் மனைவி கிருஷ்ணவேணிக்கு பேங்கிலிருந்து மெசேஜ் வருகிற நம்பர்கூட என்னுடையதுதான். எங்கள் பக்கம் ஆம்பளை பேரில் இருப்பதுதான் வழக்கம். இதில் குற்றம் கண்டுபிடிக்கிறவர்கள் வேலைவெட்டி இல்லாதவர்கள்.

டி.வி.யில் மாட்டி விளையாடுகிற அந்த கேம் பெட்டியும் அப்படித்தான். கிருஷ்ணவேணி டீச்சர் வேலையை விட்டபோது, சரியாகச் சொன்னால் நான் விடச் சொன்னபோது, கைக்கு வந்த பி.எஃப். பணத்தில் பாப்பாவுக்கு அதை வாங்கினாள். பணம் அவளுடையது, மாடலைப் பார்த்து எடுத்தது நான். டிஸ்க் போடுகிற மாடலும் கடையில் இருந்தது. டிஸ்க் என்றால் நாலு கை மாறும். நான் டிஸ்க் போட வழியே இல்லாத மாடலை எடுத்தேன். அதற்கு விளையாட்டை நெட்டில்தான் வாங்க வேண்டும், யாருடைய அக்கவுண்டில் வாங்குகிறோமோ அவனுக்குத்தான் உரிமை. அதுவும் சொந்தமில்லை, விளையாட அனுமதி மட்டும்தான் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பான். யாரும் படிப்பதில்லை, நான் படித்தேன். பெட்டி எந்த ஊரில் இருந்தாலும், அதற்குக் கொடுத்த அனுமதியை அக்கவுண்டுக்காரன் போனிலிருந்தே பறித்துக்கொள்ளலாம். கம்பெனிக்காரன் கெட்டிக்காரன், சும்மா சொல்லக் கூடாது.

என் மகள் கலைப்பிரியா ஆறாவது படித்தாள். அவளுக்கு ஒரு தீவு விளையாட்டு என்றால் உயிர். நிலம் உழுது, மாடு வளர்த்து, வீடு கட்ட வேண்டும். அதில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, விதை இல்லை என்று கோபித்துக்கொண்டு முள்ளங்கி போட்டாள். பிறகு வீடு கட்டினாள். ஒரு ரூம் அவளுக்கு, ஒரு ரூம் அம்மாவுக்கு.

"எனக்கு எங்க பாப்பா ரூமு?" என்று கேட்டேன்.

"நீ கடையிலதானப்பா இருப்ப?" என்றாள்.

சிரித்துக்கொண்டேன். குழந்தை சொல்வதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ள முடியுமா. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

கடைக்குப் போகும்போது வெளிக் கேட்டைப் பூட்டிக்கொண்டு போவேன். காலம் கெட்டுக்கிடக்கிறது, உங்களுக்குத் தெரியாததா. அதைப் போய் கிருஷ்ணவேணி, "என்னைப் பூட்டி வைக்கிறார்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறாள். ஒருநாள் ஸ்கூலில் மீட்டிங் என்று சாவி வாங்கியவள், பாப்பாவோடு நேராக விழுப்புரத்துக்குப் பக்கத்தில் கோலியனூரில் அவள் அண்ணன் பச்சைமுத்து வீட்டுக்குப் போய்விட்டாள். நகையைக்கூட எடுக்கவில்லை. பாப்பா ஏங்கிப்போவாள் என்று அந்தப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போனாள். பெட்டி வந்தால் விளையாட்டும் கூடவே வந்துவிடும் என்று நினைத்திருக்கிறாள். எம்.எஸ்ஸி. படித்தவள்.

நான் சண்டைக்குப் போகவில்லை. பாப்பாவிடம் பேச வேண்டும் என்று போன்தான் போட்டேன். பச்சைமுத்து எடுத்தான். "ஆடு பகை, குட்டி மட்டும் உறவா மாப்ள? மொதல்ல எந்தங்கச்சிய மனுஷியா நடத்த கத்துக்கினு வா," என்றான். கடையில் உட்கார்ந்தபடியே அந்தப் பெட்டிக்கான அனுமதியை எடுத்துவிட்டேன். சத்தமில்லை, ரத்தமில்லை.

சாயந்திரம் பாப்பாவே கூப்பிட்டாள். "அப்பா, எல்லாத்து மேலயும் பூட்டு படம் வந்துகிதுப்பா. மாடுங்கல்லாம் பட்டினியா இருக்கும்."

"அது நம்ம ஊட்லதான் தொறக்கும் பாப்பா," என்றேன். அது முழுப் பொய் இல்லை. திறப்பது என் கையில், நான் இருப்பது வீட்டில்.

கிருஷ்ணவேணி போனைப் பிடுங்கினாள். "எங்கிட்ட இருக்கிற கோவத்த ஏங்க குழந்த மேல காட்றீங்க? அழுது அழுது அதுக்கு ஜுரமே வந்துடும் போலகீது. உங்களுக்குப் புண்ணியமா போவும், தொறந்து வுடுங்க."

"நீயும் கூட வா, எல்லாமே தொறந்துக்கும்," என்றேன். போனை வைத்துவிட்டாள். அவ்வளவு திமிர்.

கன்றை ஓட்டிவந்தால் பசு தானாகப் பின்னால் வரும். மாடு வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் மேடம். அடுத்த தடவை பாப்பா மாமா போனிலிருந்து யாருக்கும் தெரியாமல் பேசியபோது, வழி சொன்னேன்.

"பெட்டிய ஸ்கூல் பையில வச்சிக்கோ. அம்மாகிட்ட மூச்சு வுடாத. விழுப்புரத்துல மெட்ராஸ் பஸ்ல ஏறு, அதுதான் ஜல்தியா வரும். நான் திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட்ல நிக்கிறேன்."

"தனியாவாப்பா?"

"மாடுங்க பட்டினியா கிடக்குதுல்ல?" என்றேன்.

மெட்ராஸ் பஸ் பாதிக்கு மேல் திண்டிவனம் ஊருக்குள் வராது, பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். அது எனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். இந்த ஊரில் பிறந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா. ஊருக்குள் வருகிற பஸ் ஊர் ஊராக நின்று நின்று வரும். கோலியனூரில் சேர்த்திருந்த ஸ்கூலுக்குப் பிள்ளை வரவில்லை என்று கிருஷ்ணவேணிக்குத் தெரிவதற்குள் பாப்பா என் கையில் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் அப்போது என் மனதில் இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் முட்டை பப்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு நின்றேன், அவளுக்குப் பிடிக்கும். ஆம்புலன்ஸ் ஒன்று கத்திக்கொண்டு போனது. யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்தேன். பைபாஸில் இறங்கியவள் பையை மாரோடு கட்டிப்பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டியிருக்கிறாள். லாரிக்காரன் ஹாரன் அடித்ததாகச் சொல்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். பெட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அனுமதியை எடுத்தது நான். வரச் சொன்னது நான். அம்மாவிடம் சொல்லாதே என்றதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பெற்ற மகளைக் கூப்பிடுவது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று மட்டும் சொல்லுங்கள்.

வெளியே பெஞ்சில் கிருஷ்ணவேணி உட்கார்ந்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது. இளைத்துவிட்டாள். பெட்டியை அவளிடமே கொடுத்துவிட்டீர்களாம். பாப்பா கட்டின வீட்டை ஒரே ஒரு தரம் பார்க்க வேண்டும், திறந்துவிடச் சொல்லுங்கள் என்று உங்கள் காலில் விழுந்தாளாம். நீங்களும் என் போனை மேஜைமேல் எடுத்து வைத்து, ஒரு அமுக்குதானே, அமுக்கிவிடுங்கள் என்கிறீர்கள். ஒரு அமுக்குதான், நான் இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. கையெழுத்துப் போட்டதும் நான் வீட்டுக்குத்தான் போவேன். பெட்டியை எடுத்துக்கொண்டு அவளை அங்கே வரச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார வைத்து நானே திறந்து காட்டுகிறேன். வருவாள் மேடம். அவ்வளவு சின்னப் பிள்ளை, தன்னந்தனியாக அவளே கிளம்பி வந்தாள். இவள் வர மாட்டாளா.