நாற்காலி பொம்பளைங்களா?

யுத்த காலம் அது. நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். அடுத்த வரிசையில் இருந்த அம்மாளிடம் அவர் திடீரென்று கேட்டார்.

“ஏனுங்க டீச்சரம்மா, நாற்காலி பொம்பளைங்களா?”

அவருடைய மகளுக்குச் சேலத்துப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு கற்றுக்கொடுப்பவர் அந்த அம்மாள்.

“பிரெஞ்சுல ஆமாங்க. அதுல எல்லாச் சாமானும் ஆம்பளை, இல்லைன்னா பொம்பளை.”

“அப்ப மரம்?”

“ஆம்பளை.”

“ஆம்பளைய அறுத்துப் பொம்பளை செய்யறதுங்களா! சரி, வெத்தலை?”

“வெத்தலை ஆம்பளைங்க. வெறும் இலைன்னா பொம்பளை.”

“லீவுக்கு ஊட்டுக்கு வந்தவ இதையே பேசிப் பேசி அவங்கம்மாளக் கிறுக்காக்கிட்டாளுங்க. இந்தப் பாடம் வேண்டாம்னு பெரிய டீச்சர்கிட்டச் சொல்லத்தான் இப்ப வாரேன்.”

அம்மாளின் முகம் வாடிவிட்டது. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்.

“‘என் அப்பா’ன்னு எழுதச் சொன்னேனுங்க. மத்த பொண்ணுங்க நாலு வரி எழுதினாங்க. உங்க பொண்ணு ரெண்டு பக்கம்.”

“படிங்க, கேப்போம்.”

பஸ்ஸின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி அம்மாள் பிரெஞ்சிலேயே வாசித்தார். கொடிக்கால்காரர் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

“ஒண்ணும் வெளங்கலைங்க. இதுல நான் எங்க வாரேனுங்க?”

“எல்லா வரியிலயும் வாரீங்க.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“கண்டக்டரு, வண்டியக் கொஞ்சம் நிறுத்துங்க சாமி. எறங்கிக்கறேன்.”

“சேலம் இன்னும் வரலீங்களே?”

“சேலத்துல எனக்குச் சோலி ஒண்ணும் இல்லைங்க.”