விண்ணரசி டீச்சருக்கு நான் எழுதிய நற்சான்று

காபி வேண்டாம் மேடம். மதியத்துக்கு மேல் குடித்தால் எனக்கு நெஞ்சைக் கரிக்கும். தண்ணீர் போதும்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. வெளிநாட்டுப் பள்ளிகளில் வேலை தேடித் தரும் எங்களைப் போன்ற ஏஜென்சிகளால் ஆசிரியர்களுக்கு உண்மையிலேயே உபயோகம் உண்டா? சிலருக்கு உண்டு. நன்றாகப் பாடம் நடத்தவும் பேசவும் தெரிந்து, தன்மேல் நம்பிக்கையும் இருக்கிற ஆசிரியருக்கு நாங்கள் தேவையே இல்லை. பள்ளிகளே இணையத்தில் விளம்பரம் போடுகின்றன. நேராக விண்ணப்பித்தால் போதும். மற்றவர்களுக்கு, கூட ஒரு ஆள் நிற்கிறான் என்ற தைரியத்தைத் தருகிறோம். பூதலூரிலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். நடவு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருப்பார் அந்த அப்பா. என்னைக் கும்பிட்டு, “பஞ்சநதம் சார் பாத்துக்குவாரு” என்று மகளிடம் சொல்வார். அந்தத் தைரியம் கலையாமல் காப்பது என் பொறுப்பு என்றுதான் நினைத்தேன்.

விண்ணரசி டீச்சர் என்னிடம் வேலை கேட்டு வரவில்லை. பேராவூரணியில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தார். மஸ்கட்டில் ஒரு பள்ளிக்குத் தானே விண்ணப்பித்து, முதல் சுற்றையும் முடித்திருந்தார். பட்டச் சான்றிதழைத் தூதரக முத்திரை வாங்கும் அட்டெஸ்டேஷனுக்கு அனுப்ப மட்டும் என் ஆபீஸுக்கு வந்தார். அன்று கூட்டம். காத்திருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தார்.

“இதுக்கு எதுக்குங்க ஏஜென்சி? ஸ்கூல் வெப்சைட்லயே போட்ருக்கான். இங்க வாங்க, போன்லயே காட்டுறேன்.”

கெட்ட எண்ணம் கிடையாது. இயல்பே அப்படி. ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியும் கொடுத்தார். அந்தப் பெண் தன் சான்றிதழ்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினாள். அவள் அப்பா பின்னாலேயே போனார். போகும்போது கும்பிடவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்தில் செய்கிற ஆள் நான் இல்லை.

“பயோடேட்டாவைக் கொஞ்சம் சரி பண்ணித் தரட்டுமா டீச்சர்? சும்மாதான்” என்றேன்.

“உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்” என்றார். பண்பான மனுஷி.

பயோடேட்டாவை அழகாக்கினேன். அதில் அவருடைய பள்ளி முதல்வர் சாஜிதா மேடத்தின் மெயில் முகவரியில் ஒரு எழுத்தைக் கூட்டினேன். அந்தப் புது முகவரியை நானே திறந்துகொண்டேன். அதன் பிறகு டீச்சர் எங்கே விண்ணப்பித்தாலும், அவரைப் பற்றி விசாரித்து வருகிற மெயில் முதல்வருக்குப் போகாது. எனக்கு வரும்.

மஸ்கட் பள்ளிக்கும் அந்தப் புது பயோடேட்டாவையே அனுப்பிவிட்டு, அவர் ஆன்லைனில் ஒரு மாதிரி வகுப்பு எடுத்தார். பிளாஸ்டிக் பாட்டிலில் ஓட்டை போட்டு நீரின் அழுத்தத்தை விளக்கினாராம். பார்த்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்களாம். சிரித்துச் சிரித்து என்னிடம் சொன்னார். மறுநாள் மெயில் வந்தது. எல்லாப் பள்ளிகளும் கேட்கிற கேள்விதான்: இவர் குழந்தைகளோடு பணிபுரிவதில் உங்களுக்கு ஏதேனும் தயக்கம் உண்டா?

நான் பொய் எழுதவில்லை, கவனியுங்கள். திறமையான ஆசிரியர் என்றுதான் எழுதினேன். அந்தக் கேள்விக்கு மட்டும், “இதற்கு நான் பதில் சொல்லாமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது” என்று எழுதினேன். மிச்சத்தை அவர்களே நினைத்துக்கொண்டார்கள்.

தோஹா, ஷார்ஜா, கோலாலம்பூர். ஒவ்வொரு இடத்திலும் நேர்காணல் பிரமாதமாக நடக்கும். அப்புறம் ஒரு பேச்சும் இருக்காது. டீச்சர் மெலிந்துபோனார். கடைசியில் ஒரு நாள் தானாகவே என் எதிரில் வந்து உட்கார்ந்து, “தனியா முடியல சார். நீங்களே பாத்துச் சேத்து விடுங்க” என்றார். வரவேற்பறையில் எல்லோர் காதிலும் விழுந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்தேன். ஒரு நல்ல வார்த்தை எழுதினால் போதும், விமானம் ஏறியிருப்பார். ஆனால் என்னிடம் சேர்ந்த உடனே வேலை கிடைத்தால் தன் திறமையால் கிடைத்தது என்றுதான் நினைப்பார். கொஞ்சம் பொறுப்போம் என்று விட்டேன்.

ஊர்ப் பேச்சு என் கணக்கில் இல்லாதது. தோஹா பள்ளி அலுவலகத்தில் நம் பக்கத்து ஆள் ஒருவர் இருந்திருக்கிறார். பிள்ளைகள் விஷயத்தில் ஏதோ இருக்கிறதாம் என்று அவர் வாயிலிருந்து கிளம்பி, பேராவூரணி வரை வந்துவிட்டது. பெற்றோர் சிலர் பிள்ளைகளை வேறு வகுப்புக்கு மாற்றச் சொன்னார்கள். சாஜிதா மேடம் டீச்சருக்காகப் பேசிப் பார்த்தார், நிர்வாகம் கேட்கவில்லை. வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

அன்று சாயங்காலம் டீச்சர் என்னிடம் வந்தார். அழவில்லை.

“சார், எனக்கே தெரியாம நான் எந்தப் பிள்ளையையாவது ஏதாவது பண்ணிட்டேனா?”

மறுத்திருக்கலாம். ஆனால் அப்படி ஒரு மனுஷி அப்படி ஒரு கேள்வியோடு நம்மை நிமிர்ந்து பார்க்கும்போது, அவசரப்பட்டு மறுக்கத் தோன்றவில்லை.

“நல்லா யோசிச்சுப் பாருங்க டீச்சர். சில சமயம் நமக்குத் தெரியாமலேயே நடந்துடும்.”

யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். லேபில் ஒரு பையன் எரிகிற பர்னர் பக்கம் குனிந்தபோது கையைப் பிடித்து இழுத்தாராம். அவன் கத்தினானாம்.

“அதுவா இருக்குமா சார்?”

“இருக்கலாம்” என்றேன்.

அதற்குப் பிறகு தன் மகளுக்கே தலைவாரிவிடுவதில்லையாம். பிள்ளை மடியில் ஏற வந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாராம். அவர் கணவர் ஆன்டோ என்னிடம் வந்துதான் இதைச் சொன்னார். தேங்காய் வியாபாரம் செய்கிறவர். கைகள் காய்ப்பேறி இருந்தன. “என்ன சார் ஆச்சு எங்க விண்ணரசிக்கு” என்று என் மேஜையில் தலைவைத்து அழுதார். முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

ஆனால் அவர் அழுததோடு நிற்கிற ஆள் இல்லை. மஸ்கட் பள்ளிக்கு விடாமல் போன் செய்து, அவர்களுக்கு வந்த மெயிலைக் கேட்டு வாங்கிவிட்டார். சாஜிதா மேடத்திடம் காட்டினார். “இது என் மெயில் இல்லையே” என்றாராம் அவர். பிறகு ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தார்கள். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆமாம், எழுதியது நான்தான். எல்லாப் பள்ளிக்கும் நான்தான். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

ஆன்டோ நேற்று வெளியே நின்று என்னைத் திட்டியபோது ஒன்று சொன்னார், நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்த மெயிலைக் காட்டி எல்லாவற்றையும் டீச்சரிடம் சொல்லிவிட்டாராம். டீச்சர் நம்பவில்லையாம். “பஞ்சநதம் சார் அப்படிப்பட்டவர் இல்லைங்க. நான்தான் ஏதோ பண்ணியிருக்கேன்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாராம்.

பாருங்கள் மேடம், இத்தனை பேரில் என்னைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.