ஒரே குதிரை

யுத்த காலம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற, பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு முஸ்லிம் பெண்கள் இருந்தார்கள். ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. திடீரென்று இளையவள் மூத்தவளிடம் சொன்னாள்:

"எம்மவனுக்குச் சீக்கு வந்தது ஒங்க மவனுக்கு யோகமாப் போச்சு, லாத்தா."

மூத்தவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "என்னட்டி பேச்சு பேசுத?"

"பொறவு? ஒண்ணுக்குப் போக முடியாம எம்பிள்ளை துடிச்சான். ஆஸ்பத்திரியில டாக்டரு அறுத்துவிட்டாரு. சுன்னத்தும் இதோட முடிஞ்சதுன்னு மாமா சொல்லிட்டாவ. அவனுக்குக் குதிரை இல்ல, மாலை இல்ல, மேளம் இல்ல. ஒங்க மவன் மட்டும் அடுத்த மாசம் சுன்னத்துக்குக் குதிரையில ஊர்வலம் போவான். எம்பிள்ளை வாசல்ல நின்னு பாக்கணும்."

"பிள்ளை பொழைச்சானேன்னு சந்தோசப்படுவியா, குதிரைக்கு அழுவியா?"

"பொழைச்சதுக்குச் சந்தோசந்தான். குதிரைய நெனைச்சா அழுகையும் வருதே, நான் என்ன செய்ய?"

மூத்தவள் அவள் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அழாத. மாமாட்ட நான் பேசுதேன். ரெண்டு பேரையும் ஒரே குதிரையில ஏத்துவோம். ஒரே மாதிரி தொப்பி, ஒரே மாதிரி மாலை. ஒம்மவன் வேற, எம்மவன் வேறயா?"

இளையவள் துப்பட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே மனசு லேசானது.

குற்றாலத்தில் பஸ் நின்றது. படியில் இறங்கும்போது இளையவள் கேட்டாள்:

"ஏன் லாத்தா, குதிரையில முன்னால யாரு உக்காருவா?"